அறுபதாம் கல்யாணத்துக்கு முன் ஒரு படகுச் சவாரி

சிங்கப்பூர்,
ஆடி 12, திங்கள்கிழமை.

மங்களாம்பிகைக்கு சிங்காரவேலு எழுதுவது.

நான் சுகம். உன் சுகத்தை உன் தங்கை வைரக்கண்ணுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் தபால். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

பக்கத்து வயல் கண்ணுசாமி வீட்டுக் கல்யாணப் பந்தியில் நான் சொன்ன ஒரு சொல்லுக்காக நீ பேராவூரணிக்கு, தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறி நான்கு மாதம் ஆகிறது. ஆவணியில் எனக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று நம் மகன் தமிழரசன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். என் பக்கத்தில் நீ வந்து உட்காருவாயா என்று உன்னைக் கேட்கத்தான் அவனுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை. "அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் இங்க வந்துட்டுப் போங்க" என்று டிக்கெட் போட்டான். நீ வரவில்லை. விமானத்தில் உன் சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு வந்தேன்.

ஊரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தெருவெல்லாம் துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கிறது, ஒரு பருக்கை கிடையாது. மூன்று கட்டடத்தைக் கட்டி, அவற்றின் தலைமேல் ஒரு கப்பலைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கப்பல் தண்ணீரில் கிடக்க வேண்டியது என்று இவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது. தண்ணீர்க்கரையில் ஒரு சிலை, சிங்கத் தலையும் மீன் உடம்புமாக வாயால் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அதை வாயில் பிடித்துக் குடிப்பதுபோல ஆண்களும் பெண்களும் ஆவென்று நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். படித்த ஜனங்கள்!

நேற்று தமிழரசன் என்னைப் படகில் ஏற்றினான். அதிராம்பட்டினத்து மீன்காரர் யாராவது பார்த்திருந்தால் விலா நோகச் சிரித்திருப்பார். வலையில்லை, மீனில்லை, ஆளுக்கொரு செல்போன்தான். ஆறு என்றார்கள். நம் ஒரத்தநாட்டுப் பக்கம் ஓடும் கால்வாய் மாதிரிதான் இருந்தது. இரண்டு கரையிலும் சாப்பாட்டுக் கடைகள். ஒரு குழி நிலத்துக்குக்கூடப் பாயாத தண்ணீருக்கு ஆறு என்று பெயர் வைத்து, அதைப் பார்க்கக் கூட்டம் வேறு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று இவர்கள் ஒரு நாளும் மறியல் செய்ய வேண்டியதில்லை. மடையே கிடையாதே. கதிர் வருகிற நேரத்தில் குறுவையைக் கண்ணுசாமியிடம் ஒப்படைத்துவிட்டு இதைப் பார்க்கவா வந்தேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த திருச்சிக் குடும்பம் ஒன்று ரசித்துச் சிரித்தது. எனக்கும் உற்சாகமாகிவிட்டது. அப்போது மருமகள் குந்தவை, "கடலுக்கு முன்னால அணை கட்டியிருக்காங்க மாமா. கடல் தண்ணி உள்ள வராது. இது இப்ப நல்ல தண்ணி, குடிக்கத்தான் சேத்து வைக்கிறாங்க" என்றாள். தண்ணீர்க் குழாய் போடுகிற கம்பெனியில் அவள் இன்ஜினியர் என்பது உனக்குத் தெரியும். உடனே தமிழரசன், "இது கடல் தண்ணிதான்பா. இவளுக்கு என்ன தெரியும், சோத்துப்பானைய விட்டு வெளிய எட்டிப் பாக்காதவ" என்றான்.

மங்களம், அது நான் பந்தியில் சொன்ன சொல். ஓர் எழுத்து மாறவில்லை. காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் போய் ராத்திரி திரும்பும் பெண்ணைப் பார்த்து அதைச் சொல்கிறான். அர்த்தம் பார்த்துச் சொன்ன பேச்சில்லை. என் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி வைத்திருந்து சொல்கிறான். அதைவிடக் கேவலம், முதலில் சிரித்தது நான்தான். அதன் பிறகுதான் திருச்சிக்காரர்கள் சிரித்தார்கள்.

குந்தவை ஏற்கெனவே மூடியிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் படகு ஒலிபெருக்கியில் அவள் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார்கள். எனக்கே புரிந்தது. தமிழரசன் காதில் விழாதவன்போல வேறு பக்கம் பார்த்தான். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தானே பார்த்திருக்கிறேன். அவனைத் திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது?

இறங்கியதும் குந்தவையிடம், "நீ சொன்னதுதாம்மா சரி, நான் சிரிச்சது தப்பு" என்றேன். "பரவால்ல மாமா, பழகிடுச்சு" என்றாள். கல்யாணமாகி இரண்டே வருஷம். அதற்குள் பழகிவிட்டதாம். உனக்கு முப்பத்தாறு வருஷம். அன்று பந்தியில் சாப்பிடாத இலையை மூடிவிட்டு நீ எழுந்தபோது, சோற்றின்மேல் கோபம் காட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி. ஊரையெல்லாம் எடைபோட வந்துவிட்டேன்.

திருக்கடையூரில் நான் மறுபடியும் உனக்குத் தாலி கட்ட வேண்டுமாம். முதல் தடவை உன் அப்பா சம்மதம் சொன்னார். உனக்குச் சம்மதமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என் பக்கத்தில் உட்கார உனக்குச் சம்மதமா? உன் பதில் வரும்வரை குருக்களிடம் நாள் சொல்லக் கூடாது என்று தமிழரசனிடம் சொல்லிவிட்டேன்.

தீர்க்கசுமங்கலியாக இரு என்று எழுதி முடிப்பது வழக்கம். அது எனக்கு நானே ஆயுள் கேட்டுக்கொள்வது. அதனால், நீ நன்றாக இரு, அவ்வளவுதான்.

சம்மதம் இல்லையென்றால் அதையும் நீயே எழுது, வைரக்கண்ணுவை விட்டுச் சொல்ல வைக்காதே. இத்தனை வருஷத்தில் நீ எனக்கென்று எழுதி நான் ஒரு வரி படித்ததில்லை.

இப்படிக்கு,
சிங்காரவேலு