அம்மாவின் நடை மெஷினும் நான் சொன்ன பொய்யும்

பொகவந்தலாவை
22.06.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் நிலக்ஷிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை மகள், இன்றைக்கு அது உண்மை. பொங்கலுக்குப் பிறகு இரண்டு மாதமாக நீ போன் எடுத்தபோதெல்லாம் இதே வார்த்தையைச் சொன்னேன், அப்போது அது உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், நானும் மீதியை விழுங்கிவிடுவேன். உன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற கிருஷாந்தி லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுப் பிறகு போன் எடு.

போன வருஷம் கண்டியில் அம்மாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டொக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், ஆனால் இப்போதைக்கு மேடு ஏறக்கூடாது, சமதரையில் நடக்க வேண்டும். நானும் தலையாட்டிவிட்டு வந்து நம் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சமதரை தேடினேன். நம் வாசலில் இருந்து எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஒரே ஒரு சமதரை விளையாட்டுத் திடல், அதற்குப் போகவே மலை ஏற வேண்டும். ரோட்டில் நடக்கலாம் என்றால் அந்த வளைவுகளில் பஸ் வருகிற வேகத்துக்கு ஒதுங்க இடமில்லை. இதைக் கேட்டுத்தான் நீ கொழும்புக் கடையில் சொல்லி நடை மெஷினை அனுப்பினாய். லொறி கீழ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது, நாலு பேர் மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி வந்தோம். பக்கத்து வீட்டு மேசன் மாயாண்டி, முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறின பொம்பளைக்கு நின்ற இடத்திலேயே நடக்க ஒரு மெஷினா என்று சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். உனக்கு முதல் படம் அனுப்பியது அன்றைக்குத்தான்.

இனிமேல் என் தப்பைக் கேள். பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது, நான் திறக்கவில்லை. கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவனுக்கு, இதைவிட நூறு மடங்கு பெரிய பெல்ட்டை எல்லாம் கழற்றிப் பூட்டினவனுக்கு, புத்தகம் எதற்கு என்று ஒரு திமிர். முன் அறை குறுகிப் போகக்கூடாது என்று மெஷினின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தேன், நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. தண்ணீர் ஓடுவதற்காக நம் வீட்டுத் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கிறது அல்லவா, மெஷின் ஆடியது, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். பிரிட்ஜ் ஓடுகிற அதே நீட்டு வயரில் இதையும் சொருகினேன். சிவப்பாக ஒரு கிளிப், மறுமுனை மெஷினில் சொருகின நூலோடு இருந்தது. அதை உடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், விழுந்தால் நூல் இழுபட்டு மெஷின் தானாக நின்றுவிடும். நான் அதை ஏதோ அலங்காரம் மாதிரிக் கைப்பிடியில் சுற்றி வைத்தேன்.

மூன்று நாள் அம்மா மெதுவாக நடந்தாள். நாலாம் நாள் காலையில் நைட்டியும் ரப்பர் செருப்புமாக ஏறினாள். நான் பக்கத்தில் நின்று வேகம் கூட்டுகிற பொத்தானை அழுத்திக்கொண்டே, மலையில் நீ நடந்த வேகத்துக்கு இது ஆமை நடை என்று கேலி பேசினேன். அவள் "போதுங்க" என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது மகள். கேட்டும் இன்னொரு தடவை அழுத்தினேன். செருப்பு முனை மடங்கியது, முழங்கால் குத்த விழுந்தாள், பெல்ட் அவளை அப்படியே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தியது. வலது கால் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது, கணுக்காலுக்கு மேலே தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு நிறுத்துகிற பொத்தான் எது என்று தெரியவில்லை. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். ஸ்டோரில் புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் காட்டிக் கொடுப்பது நிறுத்துகிற சுவிட்சைத்தான். தொங்குகிற சட்டையோடு யாராவது பெல்ட் பக்கம் வந்தால் சத்தம் போட்டு விரட்டுவேன். என் வீட்டுக்குள் என் பெண்சாதிக்கு அந்தக் கவனத்தில் கால்வாசியைக்கூட நான் கொடுக்கவில்லை. அம்மா அழவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. தண்ணீர் கொண்டு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

ரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரிக்குக் காலில் காயம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கே தினமும் பார்க்கிறாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினோம். பத்தாம் நாள் காயத்தின் ஓரம் கறுத்துப் போயிருந்தது. இன்னும் மூன்று நாள் பார்ப்போம், மாறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் வாட்டில் படுக்க வைக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னார். அன்றைக்குப் பின்னேரம்தான் நீ போன் எடுத்து, அம்மா எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று கேட்டாய். போனை அவள் முகத்துக்கு மட்டும் காட்டி, இன்றைக்குப் பதினைந்து நிமிஷம் என்று சொன்னேன். நீ சந்தோஷத்தில் கிருஷாந்தியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னாய். அந்தப் பொய் என் வாயில் வந்தது, அதற்கு வேறு யாரையும் சாட்டமாட்டேன். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடவுள் புண்ணியம், மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது சிவந்த புதுச்சதை தெரிந்தது. மாசி முடிவதற்குள் காயம் காய்ந்துவிட்டது.

காய்ந்த பிறகும் அம்மா அந்த அறைப் பக்கம் வரவில்லை. மெஷின் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். கடைசித் தடவை காயம் காட்டப் போனபோது ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற சுலக்ஷனா மிஸ்ஸிடம் டொக்டர் அனுப்பினார். உடப்புசல்லாவைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். "மெசின் மேல குத்தமில்லீங்க ஐயா, காலையில பெரட்டுக் களத்துல பேர் கொடுத்த கையோட கொழுந்து பறிக்க மலைக்கு வெரட்டுற மாதிரி அம்மாவ வெரட்டியிருக்கீங்க" என்றது அந்தப் பிள்ளை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பி, உங்களுக்கு எதுதான் பயம் என்று கேட்டது. அந்தக் கேள்வியை இத்தனை நாளும் நான் கேட்கவே இல்லை. அம்மா, "விழுறதுக்குப் பயமில்ல மிஸ். அது நிக்காம ஓடுதே, அதுக்குத்தான் பயம்" என்றாள்.

அந்தப் பிள்ளை சொன்னதை எல்லாம் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாளே மாயாண்டி தன் மட்டப்பலகையோடு வந்தான், இந்தத் தடவை சிரிக்கவில்லை. மெஷினைத் திருப்பிப் போட்டு, பின்னால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு வெற்றிடம் விட்டோம், இரண்டு பக்கமும் ஒரு முழம். மேசையைத் தூக்கிக் குசினியில் போட்டாயிற்று, அறை குறுகினால் குறுகட்டும். அடியில் இருக்கிற திருகாணிகளைத் திருகி நாலு காலையும் சமமாக்கினோம், அதற்கென்று திருகாணி இருப்பதே புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நீட்டு வயரை எடுத்துவிட்டு, எர்த் உள்ள தனிப் பிளக் ஒன்றைச் சுவரில் போட்டு அதில் நேராகக் கொடுத்தேன். இடி மின்னல் என்றால் உடனே பிடுங்கிவிடுவேன், நம் பக்கத்து மின்னல் உனக்குத் தெரியும். நடக்காத நேரத்தில் அந்தச் சிவப்புக் கிளிப் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அது இல்லாமல் மெஷின் ஓடாது, வருகிற போகிற பிள்ளைகள் விளையாட முடியாது.

அம்மாவை நான் கூப்பிடவில்லை. காலையில் நானே சப்பாத்துப் போட்டு, கிளிப்பைச் சட்டையில் மாட்டி, ஓரத்துப் பலகைகளில் இரண்டு காலையும் வைத்து நின்று, ஆகக் குறைந்த வேகத்தில் பெல்ட் ஓட ஆரம்பித்த பிறகு காலை வைத்து நடந்தேன். முதல் ஐந்து நிமிஷம் உடம்பு சூடாவதற்கு மெதுவாக, பிறகு கொஞ்சம் கூட்டி, முடிக்கும்போது திரும்ப மெதுவாக. நிற்கிற மெஷினில் இருந்துதான் இறங்க வேண்டும், ஓடும்போது குதிக்கக்கூடாது. இறங்கினதும் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல், பின்னங்கால் சதை இழுக்கிற வரைக்கும் முன்னால் சாய்ந்து இருபது எண்ணுவேன். ஆட்டக்கூடாது, உலுக்கக்கூடாது, வலித்தால் விட்டுவிட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தது. ஜன்னலால் பார்த்த மாயாண்டி, என்னண்ணே, சுவரைத் தள்ளியா விடப் போறீங்க, நான்தானே கட்டினேன் என்று கேட்டான். குசினியில் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. விழுந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ நான் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து பக்கத்தில் நின்றாள். "எறங்குங்க, நா ஒருக்கா ஏறிப் பாக்குறேன்" என்றாள்.

முதல் நாள் அவள் நடக்கவே இல்லை மகள். சுடிதார் போட்டு, நீ அனுப்பின சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டி ஏறினாள். பெல்ட் ஓட ஆரம்பித்ததும் கிளிப் நூலை இழுத்தாள், நின்றது. திரும்ப ஓட விட்டாள், திரும்ப இழுத்தாள். பதின்மூன்று தடவை. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அவளே இறங்கி, நாளைக்கு நடக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள். மறுநாள் மூன்று நிமிஷம் நடந்தாள், அடுத்த கிழமை ஐந்து. பொத்தான்களை அவள் மட்டும்தான் தொடுவாள், அது எங்கள் வீட்டுச் சட்டம். நடக்கும்போது காலைக் குனிந்து பார்க்காமல் நேரே பார்க்க வேண்டும் என்பதற்காக எதிரே உன் படத்தை மாட்டியிருக்கிறேன். என்னோடு பேசிக்கொண்டே நடப்பாள், பேச மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுவாள். நடக்கும்போது சீனி சட்டென்று அளவுக்குக் கீழே இறங்கினால் என்று பக்கத்தில் குளுக்கோஸும் தண்ணீரும் இருக்கும். நெஞ்சில் ஏதாவது பாரமாகத் தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும் என்று டொக்டர் சொன்னதை நானும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. மிஸ் காட்டின, நின்றுகொண்டு தொடையை இழுக்கிற பயிற்சி அவளுக்கு முடியவில்லை, அதனால் கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் கையால் விரல் பக்கம் எட்டுகிறாள். முழங்காலோடு நின்ற கை இப்போது கணுக்காலைத் தாண்டிவிட்டது. போன மாதக் கிளினிக்கில் பார்த்தபோது ஏறியிருந்த சீனி குறைந்திருந்தது. கண்டி டொக்டர், நெஞ்சு நன்றாக வேலை செய்கிறது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலும் நடக்கலாம் என்றார். மாயாண்டியின் பெண்சாதிக்கும் சீனிதான், அவளும் டொக்டரைக் கேட்டுக்கொண்டு பின்னேரத்தில் மெஷினில் நடக்க வருகிறாள். சப்பாத்தும் கிளிப்பும் இல்லாமல் அம்மா அவளை ஏற விடுவதில்லை.

இதுதான் நடந்தது. நீ ஏச வேண்டும் என்றால் என்னை ஏசு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இனி நல்லதோ கெட்டதோ இங்கே நடப்பதை உனக்கு மறைக்கமாட்டேன், நீயும் எங்களுக்கு மறைக்காதே. போன தடவை வீடியோவில் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். அந்த வயதானவர்களைத் தூக்கி இறக்கி நாள் முழுக்க நிற்கிறாய், வேலை முடிந்ததும் நான் சொன்ன மாதிரி சுவரைப் பிடித்து இரண்டு காலையும் இழுத்துவிட்டுப் படு, ஐந்து நிமிஷம்தான். இடுப்பு வலி விடாவிட்டால் அங்கே டொக்டரிடம் காட்டு, எங்களுக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுச் சமாளிக்காதே. கிருஷாந்தி கையில் தேயிலைத் தூளும் கொஞ்சம் மிளகாய்த் தூளும் கொடுத்திருக்கிறேன். முருகன் துணையிருப்பான், நீ நினைத்ததெல்லாம் நடக்கும், நீண்ட ஆயுளோடு நல்லாயிரு மகள். இந்தக் கடிதத்துக்கு இரண்டு வரியாவது கையால் எழுதிப் பதில் போடு, அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

உன்மேல் உயிரான அப்பா,
வீரய்யா

கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னாள் அம்மா. என்ன எழுதுகிறாள் என்று காட்டமாட்டேன் என்கிறாள்.

பாப்பா அப்பாவ ஏசாத. ஒனக்குச் சொல்ல வேணாமுன்னு சத்தியம் வாங்குனது நான்தான். நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவியோன்னு பயம். அப்பா அத எழுதி இருக்க மாட்டாரு. கால் நல்லா ஆறிருச்சு. இன்னைக்கு இருவத்தி ரெண்டு நிமிசம். அடுத்த வருசம் நீ வரயில ஹட்டன் டேசனுக்கு நானே வந்து நிப்பேன்.
அம்மா நாகலெட்சுமி