அவன் கூப்பிடாத அம்மா

இன்று காலை குசினி அடுப்படியில் வசம்பு மணந்தது. சம்பந்தி அம்மா ஊர்காவற்துறையிலிருந்து முதல் படகில் வந்து இறங்கியிருந்தார். வந்த கையோடு வசம்பை விளக்கில் சுட்டு உரைத்து, தேனில் குழைத்து, பேச்சு வரட்டுமென்று எங்கள் பேத்தியின் நாக்கில் தடவப் போனார். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். நான் வாசலில் நின்றேன். கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்கு முந்திய அதே மணம், அதே குசினி. அன்றைக்குத் தடவியவர் நீர். வாயை இறுக்கியவன் நீர் பெற்ற எங்கள் மூத்தவன்.

எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இடைக்கிடை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்கிறேன். உமக்குத் தெரியாமல் உம்முடைய பொருள் ஒன்றை நான் எடுத்துவிட்டேன். அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூத்தவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் யாராவது பிஸ்கற் தகரத்தின் மூடியைத் திறந்தால் வளவின் அந்தக் கடைசித் தொங்கலிலிருந்து ஓடி வருவான். அதனால் காது கேட்காது என்று சொல்லவும் ஏலவில்லை. வலை மிதப்புகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குவான். ஒன்றை நான் எடுத்தால் தலையைச் சுவரில் முட்டுவான். குதிக்கால் நிலத்தில் படாமல் நடப்பான். மோட்டாரைத் தொடக்கினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவான். "கடலுக்குப் போறவன்ரை பிள்ளை மோட்டாருக்குப் பயப்பிடுதாம்" என்று கரையில் சிரித்தார்கள். நான் அவனை அடித்தேன். அதை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஊர் உம்மைத்தான் குறை சொன்னது. வயிற்றில் பிள்ளையோடு கிரகணம் பார்த்தவள் என்றார்கள். நீர் பார்க்கவில்லை. அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தீர். அதைக் கண்ட ஒரே ஆள் நான். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. நீர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தீர், பரியாரியிடம் நூல் கட்டினீர், வசம்பு தடவினீர். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எட்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். அவள் பத்து மாதத்தில் "அம்மா" என்றபோது நீர் சிரிக்காமல் அழுதீர்.

மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்த நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் இருந்தார். முற்றத்தில் மூத்தவன் கையை உதறிக்கொண்டு, முனகியபடி சுற்றிச் சுற்றி நடந்தான்.

"தம்பிக்கு என்ன?"

நீர் தேத்தண்ணித் தட்டோடு நின்றீர். "ஏழு வயசிலை மூளைக்காய்ச்சல் வந்தது. அதுக்கு முதல் கிளி மாதிரிக் கதைச்சவன்."

"அப்ப பரம்பரை இல்லை?"

"சீச்சீ. அம்மா, அம்மா எண்டு நாள் முழுக்க என்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவன்."

பொய் நல்ல பொய்தான். மகள் வாழ வேண்டும். அவளும் தான் பிறக்க முதல் நடந்த காய்ச்சல் என்று நம்பிவிட்டாள். ஆனால் கலியாணம் முடிந்த பிறகும் நீர் அந்தக் கதையை விடவில்லை. கோயிலடியில் பெண்களுக்குச் சொன்னீர். ஒருநாள் என்னிடமே கேட்டீர். "இஞ்சருங்கோ, இவன் சின்னனிலை என்னைக் கூப்பிட்ட குரல் ஞாபகமிருக்கோ?"

பகிடி விடுகிறீர் என்று நினைத்து உம்முடைய முகத்தைப் பார்த்தேன். அதில் பகிடி இல்லை.

"ஓம்" என்றேன். "நல்ல குரல்."

கடைசிக் கிழமை மருந்து மயக்கத்திலும் அந்தக் குரலைப் பற்றித்தான் கதைத்தீர். அதோடுதான் கண்ணை மூடினீர்.

அப்போது பேத்திக்கு இரண்டு வயது. "பொம்பிளைப் பிள்ளையள் சிலது பிந்தித்தான் கதைக்குங்கள்" என்று நீர் சொல்லியிருந்தீர். பிந்தியும் அவள் கதைக்கவில்லை. தண்ணீர் விடாய்த்தால் தாயின் கையை இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தின்மேல் வைப்பாள். சம்பந்தி அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. "தாய் பாலர் பாடசாலையிலை ஊர்ப் பிள்ளையளுக்குப் பாட்டுப் படிப்பிச்சால், வீட்டுப் பிள்ளை ஆரோடை கதைக்கும்?" மகள் அந்த வேலையை விட்டாள்.

மகளோடும் மருமகனோடும் யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் இளம் பெண். பேத்தியோடு தானும் நிலத்தில் இருந்து, பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தா. பிறகு ஓட்டிசம் என்றா.

"இது என்ன வருத்தம், டொக்டர்?"

"வருத்தமில்லை, ஐயா. மூளை வளருற விதம் வேறை."

"அப்ப மருந்து?"

"இதை மாத்திற மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி, விளையாட்டு, வீட்டிலை நீங்கள் எல்லாரும் செய்து காட்டுறது. அதுதான் வைத்தியம்."

விளையாட்டை எப்படி வைத்தியம் என்பது? வருத்தமில்லாவிட்டால் கிளினிக் எதற்கு? கேட்கக் கேட்க எனக்குக் குழம்பிக்கொண்டே போனது. அப்போது அவ கேட்டா, "குடும்பத்திலை வேறை ஆரும் இப்பிடிப் பேச்சு வராமல் இருக்கினமோ?"

மருமகன் சொன்னார். "மச்சானுக்குக் கதை இல்லை. ஆனால் அது காய்ச்சலாலை."

"அதுக்கு முதல் கதைச்சவரோ, ஐயா?"

"ஓம்" என்றேன். உமக்காகத்தான் சொன்னேன்.

அடுத்தமுறை போனபோது மகள் கேட்டாள். "டொக்டர், நான் வேலைக்குப் போனதாலையோ?" ஒருத்தருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னா. மகள் நம்பவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கிரகணக் கதை கேட்டு நீர் குனிந்து நின்றதும் இப்படித்தான். அன்றைக்கு வாய் மூடியிருந்தவன் நான்.

"டொக்டர், போனமுறை நான் பொய் சொன்னனான். என்ரை மூத்தவனுக்குக் காய்ச்சல் வரேல்லை."

மகள் திடுக்கிட்டாள். "அப்பா, அண்ணா தன்னைக் கூப்பிட்டவர் எண்டு அம்மா சொன்னவா..."

"கூப்பிடேல்லை, பிள்ளை. ஒருநாளும் கூப்பிடேல்லை."

உமக்கென்று இருந்த அந்த ஒரு சொல்லை அப்படித்தான் எடுத்தேன்.

"அவரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றா டொக்டர்.

"நாப்பது வயசிலை என்ன செய்ய ஏலும்?"

"பேச்சு வராமல் போகலாம். தனக்கு என்ன வேணும் எண்டு காட்டப் பழக்கலாம்."

திரும்பிப் படகில் வரும்போது மருமகன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எழுவைதீவு இறங்குதுறை தெரியத் தொடங்கியபோது கேட்டார். "மாமா, உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கட்டியிருக்கமாட்டன் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம், தம்பி."

"கட்டாமல்தான் விட்டிருப்பன் போலை" என்றார். பிறகு பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இறக்கினார். சம்பந்தி அம்மா இப்போது மகளைக் குறை சொல்வதில்லை, உம்மையும் என்னையும் சொல்கிறார். சொல்லட்டும். மகள் திரும்பவும் பாலர் பாடசாலைக்குப் போகிறாள்.

குசினிச் சுவரில் இப்போது, வேணுமென்றதைக் கழற்றிக் கொடுத்துக் கேட்பதற்கு, கிளினிக்கில் தந்த படங்கள் தொங்குகின்றன. குடம், சோறு, பந்து, நித்திரைப்பாய். எழுத்தில்லாதபடியால் நானும் வாசிக்கிறேன். பல மாதம் பழக்கிய பிறகு, பேத்தி ஒருநாள் குடப் படத்தைக் கழற்றித் தாயிடம் கொடுத்தாள். மூத்தவன் மூலையில் இருந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்தப் பக்கம் திரும்பியதையே நான் காணவில்லை.

நேற்று மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டேன். நீர் போட்டது போலத்தான், சோற்றுக் கோப்பை வெறுமையாக வெறுமையாக. "என்ரை பிள்ளைக்கு நல்ல பசி" என்று நீர் சந்தோஷப்படுவீரே. மூன்றாம் அகப்பையை எடுத்தபோது அவன் எழும்பிச் சுவரடிக்குப் போனான். ஒரு படத்தைக் கழற்றி வந்து என் கையில் வைத்தான். விரித்த கை. போதும் என்று சொல்லப் பழக்கும் படம். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய் இருந்துவிட்டான்.

இஞ்சேரும், எத்தனை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் அவனுக்குப் போட்டுக்கொண்டே இருந்தோம்? பசியில் சாப்பிட்டானா, கோப்பையில் கிடக்கிறதே என்று சாப்பிட்டானா? உம்மிடமிருந்து எடுத்த சொல்லுக்கு இது ஈடாகுமா என்றால் எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாதாம்.

இன்று ஒரு அகப்பைதான் போட்டேன். போட்டுவிட்டு, அவன் கை எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.