பாலைக் கெடுத்த மோட்டர்

இன்று காலை சாணிக் குழியின் மோட்டரைப் போட்டதும் அந்தச் சூட்டு மணம் வந்தது. உங்கள் ஞாபகமும் வந்தது, கூடவே கோபமும் வந்தது. மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களின் நல்லதைத்தான் பேச வேண்டுமாம். அதற்கு ஊரே இருக்கிறது. மிச்சத்தை நான் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

வீடும் பட்டியும் மாடுகளும் என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தவை. நீங்கள் கட்டார் வேலையை விட்டு வந்து பட்டிக்குப் பின்னால் பயோகேஸ் குழி கட்டினீர்கள். அந்த கேஸில் ஜெனரேட்டர் ஓடும், ஜெனரேட்டரில் பால் கூலர் ஓடும், கரண்ட் பில்லே வராது என்றீர்கள். நம்பினேன். பிறகு குழியைக் கலக்க ஒரு மோட்டரைப் பூட்டினீர்கள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற அளவுக்குப் பெரிய மோட்டர். அதையும் அதே ஜெனரேட்டரில் கொடுத்து, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓட்டினீர்கள். இரண்டையும் சேர்த்து இழுக்க ஜெனரேட்டருக்குச் சக்தி போதவில்லை. எதை நிறுத்தினீர்கள்? கூலரை.

“கொஞ்ச நேரம் மோட்டர நிப்பாட்டுங்களன், பால் திரைஞ்சு போகும்” என்பேன்.

“கலக்கிக்கொண்டே இருந்தாத்தான் கேஸ் வரும். ஒனக்கு இதுகள் வெளங்காது. நீ மாட்டப் பாரு” என்பீர்கள்.

மாட்டைப் பார்த்தேன். குழியில் வந்த கேஸையெல்லாம் மோட்டரே தின்றதையும் பார்த்தேன். வருகிறவர்களை அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து விளக்கம் சொல்வீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது, தலையாட்டிவிட்டுப் போவார்கள். சத்தம் வந்தால் வேலை நடக்கிறது என்பது உங்கள் எண்ணம். என்னோடும் அப்படித்தான் குடும்பம் நடத்தினீர்கள்.

ஒரு நாள் பால் லொறிக்காரர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். “இனி உங்கட பால் வேணாம் ராத்தா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலில் நின்று அழுதேன். நீங்கள் மோட்டரை விட்டு வரவில்லை. அங்கிருந்தே கத்தினீர்கள்: “அதையும் குழிக்குள்ள ஊத்து, கேஸ் கூடும்.”

ஊற்றினேன். வாப்பா தந்த மாடுகளின் பாலை என் கையாலேயே சாணிக்குள் ஊற்றினேன்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்காக நான் நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் வீட்டுக்குள் இருந்தபோது, என் கூடப்பிறந்த நானா பட்டியைப் பார்த்தார். அவருக்குக் கடை திறக்கிற அவசரம். காலையும் மாலையும் சாணியைக் கரைத்து ஊற்றியதும், மேலே ஆடை கட்டாமல் இருக்கக் கொஞ்ச நேரம் மோட்டரைப் போடுவார், நிறுத்துவார், போய்விடுவார். கேஸ் குறையவேயில்லை. கூலர் தடையில்லாமல் ஓடியது. குசினி ஜன்னலில் நின்று அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விசயத்துக்கா இத்தனை காலம் என் வாயை அடைத்தீர்கள்?

இத்தா முடிந்ததும் லொறிக்காரரை நானே கூப்பிட்டேன். இப்போது பால் போகிறது. மோட்டரை நானும் நானாவைப் போலத்தான் போடுகிறேன்.

உங்கள் ஜனாஸாவைத் தூக்குமுன் உங்கள் தங்கச்சி என் பக்கத்தில் வந்திருந்து, “அவர்ட கொற குத்தத்தயெல்லாம் பொருந்திக்கங்க மதினி” என்றாள். மன்னித்துப் பொருந்தினேன் என்றேன். ஏசியதையும் மதிக்காததையும் அன்றே பொருந்திவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்காக யாசீன் ஓதுகிறேன். அந்தப் பாலை மட்டும் இன்னும் பொருந்தவில்லை. அதை மறுமையில் நீங்களே வந்து என்னிடம் கேளுங்கள்.