அட்டைக்குப் பின்னால்

அன்புள்ள கண்ணு,

அன்னூரில் மழை விட்டுவிட்டது. வீடு எங்கும் ஒழுகவில்லை.

மாலை போட்ட போட்டோவைக் காட்டினால் குழந்தை பயப்படுகிறாள் என்றாய். "அம்மா நடமாடற மாதிரி ஒண்ணுகூட இல்லீங்களாப்பா? சினிமா கேமராவே செஞ்சீங்களே" என்று போனில் கேட்டாய். என் பழைய சோதனைப் பிலிம்களைச் சென்னையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றி வாங்கினேன்.

புதிதாக வடிவமைத்த கேமரா ஒவ்வொன்றையும் நம் வாசலில்தான் ஓட்டிப் பார்ப்பேன். கோடு போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா நிற்பாள். கோடுகள் ஆடாமல் பதிந்தால் கேமரா சரி. அட்டை பெரியது. எல்லாப் பிலிமிலும் அவளுடைய விரல்களும் சேலைக் கரையும்தான் தெரிகின்றன. கோடுகள் ஆடவே இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்றில் மட்டும் முகம் இருக்கிறது. அது சத்தமே போடாத மாடல். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அட்டையை இறக்கி, நேராகப் பார்த்து ஏதோ கேட்கிறாள். பிலிமில் ஒலி கிடையாது. வாயசைவிலேயே புரிகிறது: "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

நான் கேமராவில் காதை வைத்து, மோட்டார் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். அவள் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். சிரிக்கிறாள். மறுபடியும் அட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்கிறாள்.

அதை உனக்கு அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்குக் காட்டும்போது, அவள் அட்டையைத் தூக்குவதற்கு முன்னால் நிறுத்திவிடு. எனக்குத்தான் அந்த இடத்தில் நிறுத்த வரவில்லை.

இப்படிக்கு,
அப்பா