எட்டு நாற்பது பஸ்

அன்புள்ள முடிவுக்காரிக்கு,

இந்தப் பெயரைப் பார்த்ததும் நீ சிரிப்பாய், அப்புறம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாய். கதவைச் சாத்திக்கொண்டு படி. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருத்தன்தான். உன் மாடித் தொட்டிச் செடிகளில் இரண்டு என் கையால் தண்ணீர் குடித்தே செத்துப் போயின. மற்றவை பிழைத்துக்கொண்டன.

நேற்று பேத்தி போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாத்தாவின் மீதி உடம்பு எங்கே என்று போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாளே, அதை நினைத்து நினைத்து ராத்திரி முழுக்கச் சிரித்தேன். மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று விமானம் ஏறியவள் நீ. அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசுகிறோமா? உங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. மகள் பேசுகிறாள், மாப்பிள்ளை பேசுகிறார், குழந்தை கத்துகிறது, நடுவில் நீ "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாய், நான் "ஆச்சு" என்கிறேன். முடிந்தது. கல்யாணமான புதிதில் நம் வீடு இருந்த மாதிரியே இருக்கிறது. இரண்டு அறை, ஒன்பது பேர். நான் உன்னிடம் தண்ணீர் கேட்டால்கூட அண்ணி கொண்டுவந்து கொடுத்த காலம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள், "அம்மா இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கட்டும்பா, பாப்பா ஸ்கூல் போற வரைக்கும்" என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அதுக்கென்னம்மா, தாராளமா இருக்கட்டும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த நீ கத்தியை நிறுத்தினாய், அவ்வளவுதான். அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் முதலில் சினிமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் குடியிருக்கும் ரேடியோக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. இப்போது செல்போன்தான் பழுது பார்க்கிறார், ஆனாலும் பெயர் ரேடியோக்காரர்தான். அவருக்கு நான் தனியாக உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. "சார், எந்தப் பழைய படம் வேணாலும் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம்" என்றார். நான் யோசிக்காமல் எழுபத்தெட்டு என்றேன். படத்தின் பெயர் கேட்டால் வருஷத்தைச் சொல்கிறானே என்று அவர் பார்த்தார்.

வேறு எதைச் சொல்வது? அது மாதிரி ஒரு வருஷம் சினிமாவுக்கும் வரவில்லை, நமக்கும் வரவில்லை. அதுவரை கதாநாயகி தூங்கி எழுந்தால்கூடப் பூவும் பொட்டும் கலையாமல் எழுந்திருப்பாள். அந்த வருஷம்தான் ஒருத்தி எண்ணெய் வடிந்த முகத்தோடு பாத்திரம் துலக்கினாள். செட்டைப் போட்டுத் தெரு என்று காட்டாமல் நிஜத் தெருவையே காட்டினார்கள். இடைவேளையில் முன்வரிசைக்காரர், "இதைப் பாக்க டிக்கெட்டு எதுக்கு, எங்க வீட்டு வாசல்ல நின்னாலே போதுமே" என்று கோபப்பட்டார். நீ அன்றைக்குத்தான் அழுதாய்.

பதினாலு படம் பார்த்தோம். ஒன்றின் பெயரையும் நாம் சொன்னதில்லை. கடிகாரக் கடைப் படம், கிணற்றுப் படம், நீதிபதியும் திருடனும் ஒரே ஆள் நடித்த படம். கடலோரப் படத்தில் பத்து நிமிஷம் யாரும் பேசாமல் அலைச் சத்தம் மட்டும் கேட்க, பின்வரிசை விசிலடித்ததே. நான்கூட அடித்தேன், நீ என் தொடையில் கிள்ளினாய். இத்தனையிலும் ஒன்றுக்குக்கூட நாம் முடிவு பார்த்ததில்லை.

மாலைக் காட்சி ஒன்பது மணிக்கு முடியும். நம் பக்கத்துக்குக் கடைசி பஸ் எட்டு நாற்பது. கதை சூடு பிடிக்கும் நேரத்தில் நான் உன் முழங்கையைத் தொடுவேன், நீ செருப்பைத் தேடுவாய், வரிசையில் எல்லோர் காலையும் மிதித்துத் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே ஓடுவோம். பஸ்ஸில் நம்மைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். இடது பக்கம் நாலாவது இருக்கை. வீடு போய்ச் சேர நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் நீ முடிவு சொல்வாய். கைகால் ஆட்டி, குரலை மாற்றி, செத்தவனை எழுப்பி, வில்லனுக்கு வயிற்றுவலி வரவழைத்து. வீட்டில் குனிந்த தலை நிமிராத மருமகள், பஸ்ஸில் இப்படிப் பேசுகிறாளே என்று கண்டக்டர் சிரித்துக்கொண்டே முன்னால் போய் நின்றுவிடுவார். முடிவுக்காரி என்று பெயர் வைத்தது அங்கேதான்.

ரேடியோக்காரரிடம் ரயில் படம் கேட்டேன். சின்ன ஸ்டேஷனில் கொடி காட்டுகிறவன், சண்டை போட்டுக்கொண்டு போன பெண்டாட்டிக்காக ஒவ்வொரு ரயிலாகப் பார்த்து நிற்பானே, அது. அவள் சேலை நீலம் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன் அல்லவா, பச்சைதான். தோற்றேன். கடைசியாக ஒரு ரயில் வரும், அவன் கொடியைத் தூக்குவான், அங்கேதானே நாம் எழுந்து ஓடினோம்? அந்த இடம் வந்ததும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கை செருப்பைத் தேடுகிறது. "சார், இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு" என்கிறார் ரேடியோக்காரர். நிறுத்துங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான். அவன் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் தண்டவாளப் பக்கமாக இறங்கி, ரயிலைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்னாலிருந்து தோளைத் தட்டுவாள். நீ சொன்னது. சொல்லும்போது என் தோளையும் தட்டினாய்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கோபப்படாதே, வயசாகிவிட்டது. கடைசி பஸ் எட்டு நாற்பது இல்லை. சினிமா விட்டு வருகிறவர்களுக்கென்றே ஒன்பதரைக்கு ஒரு பஸ் இருந்தது. பஸ் நிலையத்து டைம் கீப்பரான நானே மற்ற ராத்திரிகளில் அதைப் பதிவேட்டில் எழுதி அனுப்பினேன். டைம் கீப்பர் பெண்டாட்டி பஸ் நேரத்தை வேறு யாரிடம் போய்க் கேட்பாள்? அந்த பஸ்ஸில் நம் தெருவே தொற்றிக்கொண்டு வரும். எட்டு நாற்பதில் நீயும் நானும் மட்டும். எனக்கு முடிவு வேண்டியிருக்கவில்லை, நீ பேச வேண்டும். பதினாலு படத்தின் முடிவை உன்னிடமிருந்து திருடிவிட்டேன். தனி வீடு வந்த பிறகு எத்தனையோ படம் முழுசாகப் பார்த்தோம். ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா?

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, வரி ஏன் மேலே ஏறுகிறது என்று இதற்குள் யோசித்திருப்பாய். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று போனில் சொன்னேன். கண்ணாடி இல்லை. கண் நரம்பு. பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டே வருகிறது. ரொம்பப் பழைய படங்களில் கடைசியில் இருட்டு வட்டமாகச் சுருங்கி மூடுமே, அப்படி. போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்கிறார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு வருஷம், கூடப் போனால் ஒன்றரை. இரண்டு வருஷம் என்று அவர் சொல்லவே இல்லை.

மகளிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள். ஆனால் உன்னிடம் தாராளமாக இருக்கட்டும் என்று சொன்னது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பதினாலு படமும் ரேடியோக்காரரிடம் இருக்கின்றன. கடைசி இருபது நிமிஷங்களை எல்லாம் உனக்காகத் தொடாமல் வைத்திருக்கிறேன். திரை தெரியும்வரை பார்க்கலாம். தெரியாமல் போனால் நீ சொல். தப்பாகவே சொல். முடிந்தால் வா. முடியாவிட்டால் குழந்தையை நல்லபடி வளர்த்துவிட்டு வா, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பேத்திக்கு என் ஆசி. என் மீதி உடம்பும் பத்திரமாக இருக்கிறது என்று சொல்.

உன் டைம் கீப்பர்


மதிப்புக்குரிய டைம் கீப்பர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கண்ணைப் பற்றிச் சொல்ல நாலு பக்கம் சினிமாக் கதை பேசிவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா? எதிரில் இருந்திருந்தால் கையில் கிடைத்த கரண்டியை எறிந்திருப்பேன்.

மகளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதே என்றதையும் சேர்த்துச் சொன்னேன். ரொம்ப அழுதாள். மாப்பிள்ளை அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். வருகிற பத்தொன்பதாம் தேதி. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. முதல் நாள் அவள் அழவில்லை, நான்தான் வாசலிலேயே நின்றேன். அவளை விட்டு வருவது எனக்குச் சுலபம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

டிக்கெட் விஷயம் போனிலேயே தெரிந்திருக்கும். இதைப் போனில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால் ரேடியோக்காரரிடம் கொடுக்காமல் நீங்களே மெதுவாகப் படியுங்கள். எனக்குப் பின்னால் வந்தால் நானே படித்துக் காட்டுகிறேன்.

ஒன்பதரை பஸ் எனக்குத் தெரியும். இரண்டாவது படத்துக்கு மறுநாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவி, "ஏம்மா, நல்ல இடத்துல எழுந்து ஓடிட்டீங்க? நாங்கல்லாம் ஒம்பதரை பஸ்ல ஜம்முன்னு வந்தோமே" என்று கேட்டாள். குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றேன். புருஷன் பொய் சொல்லியிருக்கிறார் என்று முதலில் ஆத்திரம். வீட்டுக்குள் நுழைந்ததும், ஒன்பது பேருக்கு நடுவில் நீங்கள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போது புரிந்தது. அப்புறம் பன்னிரண்டு தடவை, முழங்கையை நீங்கள் தொடுவதற்கு முன்னாலேயே எனக்குச் செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த நாற்பது நிமிஷம் உங்களுக்கு மட்டும்தான் வேண்டியிருந்ததா?

பதினாலு படத்தின் முடிவும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் மறுநாள் காலையிலேயே தையல்காரர் மனைவி சொல்லிவிடுவாள். நீங்கள் ஒன்றையும் திருடவில்லை. உங்களிடம் மட்டும் நான் சொல்லாமல் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் நான் சொன்ன முடிவுகளை நீங்கள் அப்படி நம்பினீர்கள்.

டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். சொட்டு மருந்தை மறக்காதீர்கள். மீதிச் செடிகளுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். விமான நிலையத்துக்கு ரேடியோக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு தூணோரமாக நில்லுங்கள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம்.

ரயில் படத்தின் முடிவை நானே சொல்லிவிடுகிறேன். அதில் அவள் வருவதில்லை. ரயில் போன பிறகு அவன் கொடியைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறானாம், அத்தோடு படம் முடிந்துவிடுகிறதாம். நான் வருகிறேன். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி, பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டுகிறேன்.

உங்கள் முடிவுக்காரி