மாப்பிள்ளைகளின் மாதம்

மே 12
பிறந்த வீட்டிலிருந்து ஆயி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அதிக மாசம் பிறக்கிறதாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தில் உபரியாக வந்து உட்காரும் மாதம். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. மாப்பிள்ளைக்கு மட்டும் விருந்து. "இந்தத் தடவையாவது நிரஞ்சனைக் கூட்டிட்டு வாடி, ஊர்மி."

மீரஜிலிருந்து சாங்லி என்ன, அமெரிக்காவா? ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து இவர் அந்த வாசலை மிதித்ததில்லை.

மே 13
இவரிடம் சொன்னேன். "உங்கப்பா கூப்பிடட்டும்." பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

நியாயம்தான். கல்யாண ஊர்வலத்தில் இவர் நண்பர்கள் ஆடிய ஆட்டத்தில் முகூர்த்தம் தவறிவிட்டது. மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க பாபா கேட்டார்: "நேரத்துக்கு வரத் தெரியாதவன் குடும்பம் நடத்திக் கிழிப்பானா?" சடங்குக்காக எங்கள் நடுவே திரைத்துணி பிடித்திருந்தார்கள். இவர் முகம் எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை.

மே 19
பாபா கூப்பிடவில்லை. நடக்காது.

மே 23
பாபாவே இவருக்குப் போன் செய்தார்! ஸ்பீக்கரில் கேட்டேன்.

"இந்த மாசம் மாப்பிள்ளை நாராயணனுக்குச் சமம். சாப்பாடு போடாட்டி பாவம் எனக்குத்தான் சேரும்."

'சேரட்டுமே' என்று இவர் என்னைப் பார்த்து வாயசைத்தார். கிள்ளினேன்.

"வரேன் மாமா."

"அடுத்த ஞாயிறு. பதினோரு மணிக்கு."

மே 31
வழியில் வண்டி பஞ்சர். இன்றைக்குப் பார்த்தா? இவருக்கு வியர்த்துக் கொட்டியது. "திரும்பிப் போயிடலாமா ஊர்மி?"

போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. வாசலிலேயே பாபா.

"மறுபடியும் லேட், மாமா," என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அதிக மாசத்துல முகூர்த்தமே கிடையாது. இல்லாத முகூர்த்தத்தை எப்படித் தவற விடுவீங்க? உள்ள வாங்க."

எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாரோ. ஆயி கசகசா ஒட்டிய அனார்சா இனிப்புகளைத் தட்டில் அடுக்கி, விளக்கேற்றி எடுத்து வந்தாள். கால் கழுவிவிட பாபா சொம்போடு குனிந்தார். இவர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பாபா."

மாமா இல்லை, பாபா. பருப்பு கொதிக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய் நின்றேன். அடுப்பே எரியவில்லை.

ஜூன் 16
அதிக மாசம் நேற்றோடு முடிந்தது. காலையில் பாபாவின் போன். கையை நீட்டினேன். எனக்கில்லையாம். புது வண்டியை எந்தக் கிழமை எடுப்பது என்று இருவருக்கும் பெரிய ஆலோசனை. "செவ்வாய் வேண்டாமா? சரி பாபா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பேசி முடித்துப் போனை வைத்தே விட்டார். என்னிடம் கொடுக்கவில்லை.