சிரிக்கும் மனிதர், மலர்கள், எழுத்துகள்

என் அன்புள்ள மாணிக்கம் அண்ணே,

நீங்கள் போன பிறகு உங்கள் எண்ணிலிருந்தே எனக்குச் செய்தி வந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை.

அன்று காலை வழக்கம்போல் கணினியைத் திறந்தேன். பார்வை போய் முடங்கிக் கிடந்த எனக்கு, பிறவியிலேயே பார்வையில்லாத நீங்கள் பழக்கிவிட்ட அந்தத் திரைவாசிப்புக் குரல் சொன்னது: "மாணிக்கம் அண்ணே. படம். சிரிக்கும் மனிதர். மலர்கள். எழுத்துகள்."

என்ன எழுத்துகள்? அதைச் சொல்லவில்லை. படத்தில் இருப்பதைச் சொல்லும் புது வசதியாம் இது. மனிதரைத் தெரிகிறது, பூவைத் தெரிகிறது, பக்கத்திலுள்ள தமிழைப் படிக்கத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "படிச்சிட்டேன் சார்" என்று கைதூக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதுவும் அந்த ரகம்தான்.

உங்களுக்கு எங்கோ மாலை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். உடனே தட்டினேன்: "என்னண்ணே, மாலை மரியாதையெல்லாம் பலமா இருக்கு? அடுத்தது எனக்குத்தான் லா!"

மறுநாள் அண்ணி அழைத்தார்.

"ஏன் தம்பி வரல? எடுக்கறதுக்கு முந்தி உங்களுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். நீங்க எழுதினதப் பார்த்துப் பிள்ளைங்களுக்கு ரொம்பக் கோவம். அப்பா சாவுல இப்படியா கேலி பண்ணுவாருன்னு..."

"யாரோட அப்பா அண்ணி?" என்று கேட்டேன்.

அண்ணி மெதுவாக, "குமரன் படமா அனுப்பிட்டானா?" என்றார். உங்களோடு வாழ்ந்தவர் அல்லவா, விளங்கிவிட்டது. உங்கள் மகன் மரண அறிவிப்பை அழகான படமாகச் செய்து, உங்கள் கைப்பேசியிலிருந்தே எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். ஊரே அப்படித்தானே அனுப்புகிறது?

ஏதாவது ஒரு மென்பொருளைப் புதுப்பித்து, நம் கணினிக் குரல் ஊமையாகும்போதெல்லாம் சொல்வீர்களே: "வாத்தியாரே, அவங்க வீடு கட்டி, பால் காய்ச்சி, குடியேறின பெறகுதான் நமக்குக் கதவு வைப்பாங்க. நாம கதவைத் தடவிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அவங்க வேற வீட்டுக்குப் போயிருப்பாங்க லா!"

சிரித்தேன். உங்கள் சாவு வீட்டுக்கே எனக்குக் கதவு இருக்காது என்று நினைத்தேனா?

தெரிந்திருந்தால் ஃபெரியில் ஏறிக் கடலைத் தாண்டி, உங்கள் ஊர் புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்து, உங்கள் கையை ஒருமுறை பிடித்திருப்பேன். நாம் முகம் பார்த்துப் பழகியவர்கள் இல்லையே. உங்கள் கையைத்தான் எனக்குத் தெரியும்.

நேற்று மறுபடியும் உங்கள் எண். "படம். சிரிக்கும் மனிதர்." குரல் நிற்காமல் தொடர்ந்தது: "அங்கிள், இது அப்பாவோட பதினாறாம் நாள் காரியம். ஞாயிறு காலைல, வீட்டுல. நானே கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

படத்தின் கீழே எழுதியிருக்கிறான் அண்ணே. இப்படி எழுதாததற்கு அப்பா எத்தனை தடவை திட்டியிருப்பார் என்று இப்போது நினைத்திருப்பான்.

வருகிறேன். "படம் போட்டா கீழே நாலு வார்த்தை எழுதுங்க" என்று எல்லாரையும் திட்டுவது இனி என் வேலை. மென்பொருள் செய்கிறவர்களையும் விடமாட்டேன். வாசலில் குமரன் கையை நீட்டுவான். உங்கள் கைக்குச் சேரவேண்டிய பிடியை அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கையை மட்டுமே அறிந்த தம்பி,
வாத்தியார், ஜார்ஜ்டவுன்